பின்பக்கம் நாலு பட்டை

"கழட்டுய்யா! ஒண்ணு விடாம கழட்டிப் பாரு! என் வண்டி மேலயே சந்தேகமா?"

நடுரோட்டில் நின்று கத்திக்கொண்டிருந்தார் ராஜேந்திரன். பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி போகிற ரோட்டில் குறுக்கே கட்டையைப் போட்டுப் போலீஸ் எல்லா வண்டியையும் சோதனை செய்துகொண்டிருந்தது. பஸ்காரரும் லாரிக்காரரும் பேசாமல் காட்டிவிட்டுப் போனார்கள். இவருக்கு மட்டும் மானம் போய்விட்டது.

இறால் ஏற்றுமதி செய்வதாகச் சொல்லிக்கொண்டு மெட்ராஸிலிருந்து வந்து ஆறு மாதம் ஆகிறது. இறாலைத் தொட்டு யாரும் பார்த்ததில்லை; ஜீப்பைத்தான் நாள் முழுக்கத் துடைப்பார். முன்னால் சேற்றில் சிக்கிய வண்டியை இழுக்கிற வின்ச், கூரையில் இரும்புக் கேரியர், பின்னால் இரண்டு ஸ்டெப்னி, நாலு தண்ணீர் கேன், ஆள் உட்காரலாம் போல ஒரு டூல்ஸ் பெட்டி. ஏரிச் சேற்றில் ஒருநாளும் இறங்காத வண்டிக்கு இவ்வளவு ஜோடனை.

முந்தின நாள் ராத்திரி காட்டூர் பக்கம் ஒரு சின்னக் கோயிலில் இரண்டு ஐம்பொன் சிலைகளைக் காணோம். ஒவ்வொன்றும் மூன்று ஆள் சேர்ந்து தூக்குகிற கனம். போலீஸ் அரை நாளில் திருடனைப் பிடித்துவிட்டது. கோயில் வழியாக நடந்துபோன தங்கவேல்தான் அந்தத் திருடன். சிலைகள்தான் இன்னும் கிடைக்கவில்லை; அதற்குத்தான் இந்தச் சோதனை.

தங்கவேல் இடுப்பளவு தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கிறவன். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு நாள் முழுக்க ஏரியில் நடப்பான். அந்த ஒல்லி மனிதன் இரண்டு சிலைகளையும் ஒண்டியாகச் சுமந்துபோனான் என்று எழுதினார்கள் பாருங்கள், அந்த மூளைக்கும் சர்க்கார் மாதாமாதம் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தது.

கைவிலங்கோடு ரோட்டோரம் உட்காரவைத்திருந்த அவனை ராஜேந்திரன் கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"மூஞ்சியிலேயே திருடன்னு எழுதியிருக்கு. இவனை உதைக்கிறதை விட்டுட்டு என் வண்டியைக் குடையறீங்களே!"

"சும்மா மேலோட்டமா பார்த்துட்டு விட்டுடறோம் சார்," என்று குழைந்தார் சப்-இன்ஸ்பெக்டர்.

"அதெல்லாம் வேணாம். முழுசா பாரு. ஒண்ணும் இல்லேன்னா மன்னிப்பு எழுதிக் குடு!"

கான்ஸ்டபிள்களுக்கு ஒரு போல்ட்டைக்கூட அசைக்க முடியவில்லை. பக்கத்துப் பட்டறையிலிருந்து மெக்கானிக் காஜா மைதீனைக் கூட்டிவந்தார்கள்.

"யோவ் பாய், மாட்டினது நீதானே? நீயே கழட்டு. ஒரு கீறல் விழுந்தாலும் தோலை உரிச்சிடுவேன்."

பாய் ஸ்பானரை எடுத்துக்கொண்டு குனிந்தார். இந்த மரியாதை அவருக்குப் புதிதில்லை. பத்து நாள் முன்பு இதே ஜீப்பைப் பட்டறைக்குக் கொண்டுவந்தபோதும் இப்படித்தான்.

"இவ்ளோ வெயிட்டுக்கு இருக்கிற ஸ்பிரிங் பட்டை தாங்காது சார். வண்டி பின்னாடி குந்திக்கும்," என்றார் பாய் அன்றைக்கு.

"அதுக்குத்தான் வந்தேன். பின்னாடி ரெண்டு பக்கமும் நாலு நாலு பட்டை சேர்த்துப் போடு."

"இந்தச் சாமானுக்கு ரெண்டே போதும் சார். நாலு போட்டா, சாமானை இறக்கினதும் வண்டி முதுகைத் தூக்கிக்கினு நிக்கும்."

"வெயிட் இல்லாம நான் எப்பய்யா ஓட்டப்போறேன்? பட்டறைக்காரனுக்கு எதுக்கு யோசனை? சொன்னதைச் செய்."

செய்தார். சாமான்களை மாட்டுவதற்கு முன்பு பின் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே கையை விரித்து அளந்தார். முழுசாக ஒரு சாண் இடைவெளி. இது உருப்படாத வேலை என்று மனசுக்குள் திட்டிக்கொண்டேதான் வண்டியை அனுப்பினார்.

இப்போது ஸ்டெப்னிகள் இறங்கின. கேன்கள், டூல்ஸ் பெட்டி, கேரியர் எல்லாம் ரோட்டுக்கு வந்தன. பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினார்கள், டயரைக் குத்திப் பார்த்தார்கள். வின்ச்சை மட்டும் விட்டுவிட்டார்கள். அதற்குள் எலிகூட நுழையாது.

ஒரு கான்ஸ்டபிள் வண்டிக்குள் காலை வைத்தார்.

"சேத்துக் காலோட ஏறாதே! புது ரப்பர் மேட் விரிச்சிருக்கேன், தெரியலே?"

கான்ஸ்டபிள் காலை இழுத்துக்கொண்டார். வெளியே நின்றபடி லத்தியால் சீட்டை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "ஒண்ணும் இல்லீங்க ஐயா," என்றார்.

சப்-இன்ஸ்பெக்டர் ஜீப் பானெட் மேலேயே காகிதத்தை வைத்து மன்னிப்பு எழுதிக்கொடுத்தார். கொடுத்த கையோடு, "அவனை வேன்ல ஏத்துங்கய்யா," என்று தங்கவேலைக் காட்டினார்.

அவன் பெண்டாட்டி எல்லம்மா ஓடிவந்து வேனை மறித்துக்கொண்டாள். "சாமி, அந்தச் சிலைய எம்புருசனால அசைக்கக்கூட முடியாது சாமி! ஜெயிலுக்குப் போனா எம்புள்ளைங்களுக்கு யாரு சாமி சோறு போடுவா?"

யாரும் காதில் வாங்கவில்லை. தங்கவேலின் ஒரு கால் வேன் படியில் ஏறியிருந்தது.

"கெளம்பிட்டாங்க ஒப்பாரி வைக்க," என்றார் ராஜேந்திரன், காகிதத்தைப் பையில் வைத்துக்கொண்டே. "பாய், எல்லாத்தையும் பழையபடி மாட்டு. நேரமாச்சு."

ஸ்டெப்னியை உருட்டிக்கொண்டு வந்த பாய் ஜீப்பின் பின்னால் நின்றார். குனிந்து, பின் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே கையை விட்டார். நாலு விரலுக்கு மேல் நுழையவில்லை.

ஸ்டெப்னியைக் கீழே சாய்த்துவிட்டு, சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்துச் சொன்னார்:

"சாமானெல்லாம் இறக்கியாச்சு... வண்டி இன்னும் முதுகைத் தூக்கலியே, சார்!"