நின்றுபோன வண்டி

மோட்டார் சைக்கிளின் முன்சக்கரம் மூன்றாவது முறையாக டிரெய்லரின் சாய்வுப் பலகையிலிருந்து பின்னுக்கு உருண்டு இறங்கியது.

மினேகோ பாய்ந்து பின்சக்கரத்துக்கு அடியில் மரக்கட்டையைத் தள்ளினாள். கரடிகள் ஒதுங்கிப் போவதற்காக அவள் இடுப்பில் கட்டியிருந்த மணி குலுங்கி அடங்கியது. அது அடங்கிய பிறகும் எங்கோ உள்ளே, மரங்களுக்குப் பின்னால், இன்னொரு மணி ஒலிப்பது போலிருந்தது.

இதே போன்ற அறுபது மணிகள் நான்கு நாட்கள் இந்தக் காட்டுக்குள் அலைந்தன. அவள் கணவன் ரியோஜியை ஊரே தேடியது. கிடைக்கவில்லை.

அவனுடைய மோட்டார் சைக்கிள் மட்டும் இந்தக் காட்டுச் சாலையின் ஓரத்தில் நின்றிருந்தது. வண்டி பழுதாகியிருக்கிறது, உதவி தேடி நடந்தவன் மூடுபனியில் வழி தவறியிருக்கிறான். ஊர் அப்படித்தான் முடிவு செய்தது.

இது அவர்கள் வீட்டுக்கு வரும் குறுக்குவழி. அப்படியானால் அவன் வீட்டுக்குத்தான் வந்துகொண்டிருந்தான்.

இருபத்து மூன்று நாட்களாக அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்தாள், அரிசி கழுவினாள், அவனுடைய கிண்ணத்தையும் துடைத்து வைத்தாள்.

பனி விழுந்துவிட்டால் சாலையை ஏப்ரல் வரை மூடிவிடுவார்கள். அதற்குள் வண்டியை எடுத்துவிடுங்கள் என்று சொல்லி, இன்று காட்டு வாயிலைத் திறந்துவிட்டவன் போலீஸ்காரன் தகிசாவா. கோடைதோறும் ரியோஜியோடு சேர்ந்து வண்டி ஓட்டியவன். தேடும்போதும் முன்வரிசையில் நடந்தவன்.

"அண்ணி, இது ரெண்டு ஆள் வேலை. உங்க தோட்டத்து உருளைக்கிழங்கு மூட்டைன்னு நெனச்சீங்களா? நானும் வரேன்."

"நீ வந்தா அழுவே. அப்புறம் உன்னையும் சேர்த்து நான்தான் ஏத்தணும். இங்கேயே இரு."

அவன் சிரிக்கப் பார்த்தான். "பேட்டரி செத்துப்போச்சு அண்ணி, லைட்டே வரல. எதையும் நோண்டிக்கிட்டு இருக்காதீங்க. நியூட்ரல்ல போட்டு அப்படியே இழுத்துடுங்க."

அவனை வாயிலில் விட்டுவிட்டு, காரில் டிரெய்லரை இழுத்துக்கொண்டு, இரண்டு வளைவுகள் தாண்டி அவள் தனியாக வந்திருந்தாள். வேறு யாராவது கூட வந்தால் ரியோஜியைப் பற்றி இறந்தகாலத்தில் பேசுவார்கள்.

வண்டி இவ்வளவு கனக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

பெட்ரோலைக் கொஞ்சம் வடித்தால் இலேசாகும். டேங்க் மூடியைத் திறந்தாள்.

கழுத்துவரை பெட்ரோல். அதில் அவள் முகம் கறுப்பாக நடுங்கியது. பின்னால் கட்டியிருந்த பெட்ரோல் கேனைத் தூக்கிப் பார்த்தாள். அது காலியாக இருந்தது. அதையும் டேங்கில்தான் ஊற்றியிருக்கிறான்.

டேங்குக்கு அடியில் கையை விட்டாள். எஞ்சினுக்குப் பெட்ரோலைத் திறந்துவிடும் திருகு மூடியிருந்தது.

அவள் அவசரப்படவில்லை. இருக்கையைத் தூக்கினாள். பேட்டரி வயர் கழற்றப்பட்டிருந்தது. அதன் நுனியில் கறுப்பு டேப், ஒரு சுருக்கம்கூட இல்லாமல் சுற்றப்பட்டிருந்தது.

இந்தப் பக்கத்தில் வண்டிகளைக் குளிர்காலத்துக்குத் தூங்க வைப்பார்கள். உள்ளே துருப்பிடிக்காமலிருக்க டேங்கை நிரப்புவார்கள். திருகை மூடி, எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிடுவார்கள். பேட்டரியைப் பிரிப்பார்கள். ஒவ்வொரு நவம்பரிலும் ரியோஜி இதைச் செய்யும்போது அவள் பக்கத்தில் நின்றிருக்கிறாள். கடைசியில் வண்டி இரண்டு முறை இருமும். "தூங்கிடுச்சு," என்பான், குழந்தையைக் கிடத்தியவன்போலக் குரலைத் தாழ்த்தி.

இது அக்டோபர் முதல் வாரத்தில் நின்ற வண்டி.

இங்கே, இந்த மரங்களுக்கு நடுவே, அவன் கேனைக் கவிழ்த்து ஊற்றியிருக்கிறான். டேப்பைக் கிழித்துச் சுற்றியிருக்கிறான். அந்த இருமல் நிற்கும்வரை பொறுமையாகக் காத்திருந்திருக்கிறான். பிறகுதான் போயிருக்கிறான்.

வண்டிக்குச் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்துவிட்டு.

வயரை மாட்டித் திருகைத் திறந்தால் போதும், வண்டி எழுந்துவிடும். முதல் கியரில், பாதி கிளட்சில், பக்கத்தில் நடந்தபடியே அரை நிமிடத்தில் ஏற்றிவிடலாம்.

ஆனால் எஞ்சின் சத்தம் வாயில்வரை கேட்கும். நாளைக்கு ஊர் முழுக்கக் கேட்கும். நான்கு நாட்கள் மழையில் நடந்த அறுபது பேருக்கும் கேட்கும்.

அவள் இருக்கையை அழுத்தி மூடினாள்.

கைப்பிடியின் இரண்டு பக்கமும் இழுத்து இறுக்கும் பட்டைகளை மாட்டி, டிரெய்லரின் முன்கம்பியில் கொக்கிகளைக் கோத்தாள். இடது பக்கம் நான்கு இழுப்பு, வலது பக்கம் நான்கு இழுப்பு. இறங்கி வந்து கட்டையை நகர்த்தினாள். மறுபடியும் இடது, மறுபடியும் வலது. உள்ளங்கைத் தோல் உரிந்தது. எங்கும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் யாராவது அங்கே நின்றுகொண்டிருப்பார்கள் என்று தோன்றியது.

நன்றாக ஓடக்கூடிய ஒரு வண்டியை, ஓடாத வண்டியாகவே, ஒரு மணி நேரம் இழுத்து ஏற்றினாள்.

வாயிலில் தகிசாவா கைகளைத் தேய்த்துக்கொண்டு எதிரே வந்தான்.

"என்ன பழுதுன்னு ஏதாவது தெரிஞ்சுதா அண்ணி?"

"பெட்ரோல் தீர்ந்திருக்கு."

அவள் பயந்ததைவிடச் சுலபமாக அது வாயிலிருந்து வந்தது.

அவன் டிரெய்லர் பக்கம் போனான். குதிரையைத் தட்டிக்கொடுப்பவன்போல டேங்கைத் தட்டினான்.

வெறும் டேங்க் என்றால் கணீரென்று கேட்கும். இது தொம்மென்று கேட்டது.

காரின் பக்கக் கண்ணாடியில் அவள் அவனைப் பார்த்தாள். கை டேங்கின் மேலேயே நின்றிருந்தது. முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

பட்டைகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தான். பிறகு அவள் ஜன்னலோரம் வந்து, தொப்பியைக் கழற்றினான்.

"ஆமா அண்ணி," என்றான். "சுத்தமா காலி."