மாண்புமிகு கிரப் பேசுகிறார்

"பொம்பளைங்களுக்கு அரசியல் மூளை கிடையாது. இன்னைக்கு சபையில இதைத்தான் பேசப்போறேன்," என்றார் ஆல்வின் கிரப், சோள ரொட்டியில் வெண்ணெயைத் தடவியபடி.

"அப்புறம்?" என்றாள் மனைவி லவீனியா.

"அப்புறம் என்ன? ஓட்டுரிமை குடுத்தா அடுப்பு அணைஞ்சிடும், குழந்தை அழும். நேத்து சொன்ன குறிப்பையெல்லாம் சுத்தமா எழுதிட்டியா?"

"ஏழு பக்கம். ஒருதடவை படிச்சுப் பாத்துட்டுப் போங்களேன்."

"என் பேச்சை நானே எதுக்குப் படிச்சுப் பாக்கணும்?"

அதுவும் நியாயந்தான். பன்றி வியாபாரியாக இருந்தவர், அமெரிக்காவின் அயோவா மாநிலச் சட்டசபைக்கு வந்து இந்த 1913-உடன் பதினொரு ஆண்டு. ரயில் கட்டணம், பள்ளிக்கூடங்கள், பாலில் தண்ணீர் கலப்பது என்று அவர் முழங்காத விஷயமில்லை. அடுத்த கவர்னர் அவர்தான் என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சை அவரே கிளப்பிவிட்டதாகவும் பேச்சு.

பத்து மணிக்குச் சபை நிரம்பிவிட்டது. பார்வையாளர் மாடத்தில் ஓட்டுரிமை கேட்கும் பெண்கள் மஞ்சள் ரோஜா குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவே லவீனியா, கம்பளி பின்னியபடி.

கீழே கிரப் மேசையைத் தட்டித் தட்டி வாசித்தார். உறுப்பினர்கள் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார்கள். பெண்கள் ஓட்டுரிமை மசோதா மீது அன்று மாலை ஓட்டெடுப்பு. ஊசலாடிக்கொண்டிருந்த நாலைந்து பேரும் அவர் பக்கம் தலையாட்டத் தொடங்கியிருந்தார்கள்.

"நம்ம மசோதா போச்சு," என்றாள் பக்கத்திலிருந்த தோழி கோரா. "உன் வீட்டுக்காரர் நம்மளை உரிச்சுத் தொங்கவிடுறார். நீ பாட்டுக்குப் பின்னிக்கிட்டு இருக்கே. வெக்கமா இல்லியாடி உனக்கு?"

"பொறுடி. இன்னும் ஒரு பக்கம் இருக்கு."

கிரப் கடைசித் தாளைப் புரட்டி, நெஞ்சை நிமிர்த்திக் குரலை உயர்த்தினார்.

"பெண்களால் என்ன முடியும் என்று கேட்போருக்கு ஒரு சான்று தந்து அமர்கிறேன். பதினொரு ஆண்டுகளாக நீங்கள் கைதட்டிய என் பேச்சுகள் அனைத்தையும், இதோ இதையும் சேர்த்து, சொல்லுக்குச் சொல் எழுதியவர் என் மனைவி லவீனியா. நான் வாசிப்பவன் மட்டுமே."

தாளில் இருப்பதை அப்படியே வாசித்துப் பழகிய வாய், முற்றுப்புள்ளி வந்த பிறகுதான் நின்றது.