தாளம் இல்லாத ஏழு பாட்டு

கரண்ட் போனதும் பதினாறு தறிகளும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டன.

காளீஸ்வரி தறி ஓரத்துப் பலகையில் உட்கார்ந்து கைப்பேசியை எடுத்தாள். மடியில் ஒட்டியிருந்த பஞ்சுத் தூசியைக்கூடத் தட்டவில்லை. விமர்சனம் வந்திருந்தது.

எழுதியவர் ஸ்ரீவில்லிபுத்தூர் கௌதம்ராஜ். ராஜபாளையம் பக்கத்துப் பிள்ளைகள் யார் பாட்டுப் போட்டு இணையத்தில் ஏற்றினாலும், அவர் என்ன சொல்கிறார் என்றுதான் மதுரை வரைக்கும் பார்ப்பார்கள்.

அவளுடைய ஆல்பத்தின் பெயர் 'நாளைக்கும் வெயில்'. இரண்டு வருசம். மெட்டு, குரல், சிந்த் என்கிற மின்னிசை எல்லாம் அவள் ஒருத்தியே, அந்தக் கைப்பேசியிலேயே.

ஏழு பாட்டிலும் விடிகிறது, ஒன்றில்கூட இருட்டவில்லை என்று முதல் பத்தியில் கேலி செய்திருந்தார். அதை அவள் சட்டை செய்யவில்லை. இருட்டைப் பாட ஊரில் ஆளுக்கா பஞ்சம்?

அடுத்த பத்திதான் சுட்டது.

ஏழு பாட்டிலும் தாளம் என்பதே இல்லையாம். டிரம்ஸ் போட மறந்துபோன சிந்த்-பாப் ஆல்பத்தை இப்போதுதான் முதன்முறையாகக் கேட்கிறாராம். பின்னூட்டத்தில் தாளம் பிரமாதம் என்கிறார்களே, எந்தத் தாளத்தைச் சொல்கிறார்கள் என்று கேட்டிருந்தார்.

அவள் பின்னூட்டங்களுக்குப் போனாள். தளவாய்புரத்துப் பானுப்பிரியா, நைட்டி தைத்துக்கொண்டே கேட்டதாகவும் தாளம் காலைச் சும்மா இருக்க விடவில்லை என்றும் எழுதியிருந்தாள். கான்சாபுரத்து வேல்சாமி கிணற்று மோட்டார் ரூமில் படுத்துக்கொண்டு கேட்டாராம். அடி ஒவ்வொன்றும் நெஞ்சில் விழுகிறதாம்.

இத்தனை பேர் காதிலும் விழுந்தது அவர் காதில் மட்டும் விழவில்லையா?

கௌதம்ராஜ் தனியாகவும் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். கூடவே டிரம்ஸ் ஒலித்தடம் ஒன்றும். இதைச் சேர்த்து சாயங்காலம் ஆறு மணிக்குள் மறுபடி ஏற்றினால் விமர்சனத்தைத் திருத்திவிடுவாராம். அடுத்த மாதம் மதுரையில் நடக்கும் இசை விழா மேடைக்கும் அவள் பெயரைச் சொல்வாராம். நல்ல மனுசர்தான். அந்த மேடையை நினைத்துத்தான் அவள் இரண்டு வருசத்தை ஓட்டினாள்.

பக்கத்துத் தறிக் கருத்தம்மாள் என்ன என்று கேட்டாள். இவள் விமர்சனத்தைச் சொன்னாள். போடு பார்ப்போம் என்று அந்த அக்கா காலை நீட்டி உட்கார்ந்தாள்.

காளீஸ்வரி இயர்போனைப் பிடுங்கிவிட்டு, அந்த அமைதியில் முதல் பாட்டைச் சத்தமாக வைத்தாள்.

குரல் வந்தது. சிந்த் வந்தது. இரண்டும் கால் ஊன்ற இடமில்லாமல் மிதந்துகொண்டே போயின.

அவளுக்கே வேறு யாருடைய பாட்டோ போல இருந்தது.

"ஏட்டி, பாட்டு நல்லாத்தான் இருக்கு," என்றாள் கருத்தம்மாள். "ஆனா என்னமோ ஒன்னு வரலியே."

கௌதம்ராஜ் சொன்னது சரி. காளீஸ்வரியின் கட்டைவிரல் டிரம்ஸ் தடத்தின் மேல் போய் நின்றது.

கரண்ட் வந்துவிட்டது.

வேலை முதலில். அவள் பழக்கத்தில் இயர்போனைச் செருகி, ஒன்றை மட்டும் வலது காதில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். இடது காது எப்போதும் தறிக்கு. நூல் அறுந்தால் முதலில் சொல்வது அதுதான். சுவிட்சைப் போட்டாள்.

அவளுடைய ஐந்தாம் நம்பர் தறி தடக் என்று விழுந்தது. விழுந்த இடத்தில் பாட்டு எழுந்து நின்றது.

தடக். தடக். தடக்.

இரண்டு வருசமாக ஒரு காதில் பாட்டு, மறு காதில் தறி. வீட்டுக்குப் போனாலும் சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுத் தறி. இந்தப் பாட்டை அவள் தறிச் சத்தம் இல்லாமல் கேட்டதே இன்றுதான். பானுப்பிரியாவுக்குத் தையல் மெஷின், வேல்சாமிக்கு மோட்டார். இருக்கிற தாளத்தை இன்னொரு தடவை எதற்குப் போடுவாள்?

தொங்கிக்கொண்டிருந்த இயர்போனை இழுத்துக் கருத்தம்மாளின் காதில் வைத்தாள். தறி ஓடும்போது அங்கே யாரும் கத்த மாட்டார்கள், உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொள்வார்கள். கருத்தம்மாளின் உதடு அசைந்தது.

"வந்துட்டு."

காளீஸ்வரி டிரம்ஸ் தடத்தை அழித்தாள். சேர்க்க மாட்டேன் சார் என்று கௌதம்ராஜுக்கு அனுப்பினாள். மதுரை மேடை போகட்டும்.

பிறகு ஆல்பத்தின் பக்கத்தைத் திறந்து, பெயருக்குக் கீழே ஒரே ஒரு வரி சேர்த்தாள்.

'ஒரு காதில் மட்டும் மாட்டிக் கேட்கவும்.'