ஃபைலுக்கு ஆதாரம் வேண்டும்

பிரசவத்துக்கு இன்னும் பத்தே நாள். எலக்ட்ரீஷியன், தந்தை விடுப்பு விண்ணப்பத்தோடு மூன்றாவது தடவையாக ஊழியர் நலப்பிரிவு மேனேஜர் முன்னால் போய் நின்றான்.

"டாக்டர் சான்றிதழ் எங்க?"

"என் பொண்டாட்டி மாசமா இருக்கறது உங்களுக்குத் தெரியாதா மேடம்?"

"எனக்குத் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? ஃபைல்ல இருக்கணும். நாளைக்கு ஆடிட்டர் வந்து என்னைத்தான் பிடிச்சு உலுக்குவார்."

"சான்றிதழ் வீட்டு பீரோவுல இருக்கு."

"கொண்டு வர வேண்டியது நீங்கதான். போய் எடுத்துட்டு வாங்க."

அவன் தலையைச் சொறிந்தான். "பீரோ சாவி உங்க கைப்பையில இருக்கு மேடம்."

முறைத்தபடியே சாவியை எடுத்து நீட்டியவள், சட்டென்று இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். முகம் வியர்த்துவிட்டது.

"ஏங்க... சாவியெல்லாம் வேணாம். ஆதாரமே கிளம்பிடுச்சு, வண்டியைக் கூப்பிடுங்க!"