கட்டைவிரல்

கதவில் முதல் கல் விழுந்தபோது, செவிலியின் கட்டைவிரல் அவன் கையின் உட்புறக் காயத்தில் அழுந்தியிருந்தது.

விரல் தளர்ந்தால் ரத்தம் பீறிட்டது. அழுத்தினால் நின்றது. அவனுக்கும் சாவுக்கும் நடுவே அவ்வளவுதான் தூரம்.

மருத்துவர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு, சத்தம் நெருங்கியதும் பக்கத்துச் சந்தில் நழுவியிருந்தார். கம்பவுண்டர் கழிப்பறைக்குள் தாழ்போட்டுக்கொண்டு, பயப்படாதீங்க சிஸ்டர் என்று அங்கிருந்தே அவளுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு வார விடுப்பு முடிந்து அன்றுதான் அவள் வேலைக்கு வந்திருந்தாள்.

அடிபட்டு ஓடிவந்து வாசலில் விழுந்தவனை உள்ளே இழுத்துப் போட்டு, முகத்து ரத்தத்தைத் துடைத்தபோதுதான் யாரென்று தெரிந்தது. தெருவே ஒதுங்கி வழிவிடும் முகம். காவல் நிலையத்துக்குள் முன்வாசலால் போய்ப் பின்வாசலால் வருகிறவன். இந்த முறையும் வந்துவிட்டான். அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. கல்லெடுக்க மட்டும் எல்லாருக்கும் கை வந்தது.

தாழ்ப்பாள் பிய்ந்தது.

முன்னால் வந்தவன் அவளுடைய கொழுந்தன். கையில் இரும்புக் கம்பி. பின்னால் நின்றவர்களில் பாதிப் பேர் ஞாயிறு ஆராதனையில் அவளோடு ஒரே வரிசையில் உட்காருகிறவர்கள்.

அவளைப் பார்த்ததும் கம்பி தாழ்ந்தது. குரலும் தாழ்ந்தது.

"நாங்க தொடக்கூட வேணாம் அண்ணி. நீங்க விரலை மட்டும் எடுங்க. யாரும் கேக்க மாட்டாங்க."

உண்மைதான். வழுக்கிவிட்டது என்றால் நம்புவார்கள். நம்பாதவர்கள் மெச்சுவார்கள்.

அவளுக்கும் எடுக்கவேண்டும் போலத்தான் இருந்தது. எதன்மேலும் அவளுக்கு இத்தனை ஆசை வந்ததில்லை.

ஜெபிக்கப் பார்த்தாள். ஆண்டவரே என்பதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை.

விரலுக்கடியில் அவன் நாடி குருவிக்குஞ்சு மாதிரி துடித்தது. அது அவளுக்கு அருவருப்பாக இருந்தது. இன்னும் இறுக்கி அழுத்தினாள்.

"கேக்கறதுக்கு ஒருத்தர் இருக்காரு தம்பி. இவன் பொழைக்கட்டும். பொழைச்சு கூண்டுல நிக்கட்டும். எதிர்ல நின்னு நான் சொல்றேன். உங்கள்ல வேற யாரு வர்றீங்க?"

பின்வரிசையில் யாரோ கையிலிருந்த கல்லைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

கொழுந்தன் மட்டும் நகரவில்லை. அவன் கண்கள் அவள் விரல்மேலேயே இருந்தன. கம்பி ஒருமுறை உயர்ந்தது. பிறகு அவன் சுவரோரம் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

ஆம்புலன்ஸ் வந்தது. ஸ்ட்ரெச்சரோடு அவளும் ஏறினாள், விரலை எடுக்காமலே.

பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை மருத்துவர் ரத்தக்குழாயில் கவ்வி போட்டு, போதும்மா, இனி விடலாம் என்றார். மடங்கிய விரல் நிமிர மறுத்தது. அதை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு நடைவழிப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

அங்கிருந்த நர்ஸ் தண்ணீர் கொடுத்தாள். அவள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, உள்ளே இருப்பவருக்கு நீங்கள் என்ன வேண்டும் என்று பரிவோடு கேட்டாள்.

"போன வாரம் இவன் ஒருத்தரைக் குத்திக் கொன்னானே," என்றாள் செவிலி. "அவரோட மனைவி."