கறுப்பு ரெக்கார்டர் கேட்ட கேள்வி

கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த செவ்வந்தி, பாடங்களைப் பதிவு செய்ய ஒரு ரெக்கார்டர் வாங்கக் கடைக்கு வந்தாள்.

"நீ ஒதுங்கிக்கோ தம்பி. நான் இரைச்சலை உள்ளேயே விடமாட்டேன். நீ ஃபேன் சத்தம், இருமல் எல்லாத்தையும் அள்ளிக்கிட்டு வருவே," என்றது வெள்ளி நிற ரெக்கார்டர்.

பக்கத்திலிருந்த சின்னக் கறுப்பு ரெக்கார்டர் ஓரமாக ஒடுங்கிக்கொண்டது. அந்த இரைச்சலுக்காகவே இரண்டு பேர் அதை வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

கடைக்காரர் இரண்டையும் மேசையில் வைத்துப் பதிவு செய்ய ஓடவிட்டு, "ஹலோ, ஹலோ" என்றார். வகுப்பில் ரெக்கார்டரை ஆசிரியர் மேசையில்தான் வைக்க வேண்டும்; செவ்வந்திக்கோ கடைசி பெஞ்சு. அதனால் அவள் கடையின் கோடிக்குப் போய், வகுப்பில் இதுவரை கேட்கத் துணியாததைக் கேட்டுப் பார்த்தாள்.

"சார், அந்தக் கணக்குல ரெண்டாவது படி எனக்குப் புரியல."

பதிவைப் போட்டுப் பார்த்தபோது, வெள்ளியில் கடைக்காரரின் ஹலோ கணீரென்று கேட்டது. அவள் பேசிய இடத்தில் சுத்தமான அமைதி.

"இரைச்சல்னு நினைச்சுட்டேன்," என்று முனகியது அது.

கறுப்பில் ஃபேன் கடகடத்தது, பஸ் ஹாரன் அலறியது. நடுவே ஒரு மெல்லிய குரல், ஒரு சொல் விடாமல்.

"என் குரல்தானே அண்ணா? இதையே எடுத்துக்கறேன். இன்னொரு தடவை போடுங்க."

கடைக்காரர் சத்தத்தைக் கூட்டினார். கறுப்பு ரெக்கார்டர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, அவள் கேள்வியைக் கடை முழுக்கக் கேட்கும்படி கேட்டது.