பம்பாய்ப் பெட்டிகள்

தச்சன் வால்டர் காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்தான்.

"இன்னாய்யா, ஜொரமா?" என்றாள் மனைவி எல்சி.

"இன்னிக்கு மந்திரி வர்றாரு."

"மாதாவே! அவரு வரியைக் கொறைக்காட்டி கம்பெனி பம்பாய்க்குப் பூடுமாமே. நாம இன்னா பண்றது?"

வால்டர் வேலைக்குக் கிளம்பினான்.

திருவொற்றியூர்த் தொழிற்சாலை பத்து நாளாகப் பூட்டிக் கிடந்தது. தொழிலாளர்கள் கேட்டுக்கு வெளியே நின்றார்கள். வால்டருக்கு மட்டும் உள்ளே வேலை. அவன் ஆணியடித்த நாற்பது பெட்டிகள் முற்றத்தில் வரிசையாக நின்றன. எல்லாவற்றிலும் 'பம்பாய்' என்று கறுப்பு மையில் எழுதியிருந்தது.

"மெஷினையெல்லாம் கட்டியாச்சா?" காரிலிருந்து இறங்கிய மந்திரி பதறினார்.

"நாளைக்குக் கப்பல், ஐயா," என்றார் மேனேஜர்.

மந்திரி ஒரு பெட்டிமேல் கை வைத்தார். வால்டர் மறுபக்கம் போய் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"நானூறு குடும்பம்யா! பெட்டியைப் பிரிங்க. அஞ்சு வருஷத்துக்கு வரி கிடையாது," என்றார் மந்திரி.

வெளியே ஆரவாரம். தொழிலாளர்கள் மந்திரியின் காருக்குப் பின்னால் ஓடினார்கள்.

மேனேஜர் கேட்டைச் சாத்தினார். "பெட்டிகளை உள்ளே வை."

"கூலியாளுங்கள இட்டாரவா, சார்?"

"யாரும் வேண்டாம்."

வால்டர் தோளுக்கு ஒன்றாக இரண்டு காலிப் பெட்டிகளைத் தூக்கினான்.

"பார்த்து, பலகை உடையப்போகுது. அஞ்சு வருஷம் கழிச்சு மறுபடி வேணும்."